பின்னிணைப்பு ஈ

முதல் மூன்றும் அட்டவணைகள்:
எரிபொருள், குத்தகை, இருக்கைக்கு இவ்வளவு என்ற செலவு.
அவை உங்கள் மேசையில் இருக்கின்றன.
இது என் பையிலேயே இருக்கிறது.

உச்சிப்புளிக்கு இரண்டு கடல்.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
நடுவில் நம் ஓடுதளம்,
அதைச் சுற்றி உடைமரம்.
ஆனியில் கச்சான் பிடித்துவிட்டால்
கம்பத்தில் கட்டிய காற்றுப்பை
வாரக்கணக்கில் தொங்குவதே இல்லை.
குறுக்குக்காற்று முப்பத்தைந்து நாட் வரை தாங்கும்
என்கிறது விற்பனையாளரின் கையேடு.
அதை எழுதியவர் பனையோலை பறந்துவந்து
கண்ணாடியில் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

ராயப்பன் இறக்கையின் அடியைச் சுட்டுவிரலால் தேய்த்து
நாக்கில் வைத்தார்.
'மூணு நாள் உப்பு.'
கழுவிய பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்று நாள்.

மாற்றப்போகும் விமானத்துக்கு வயது இருபத்தொன்று.
ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை தரை தொட்டிருக்கிறது.
துபாய் போய்வரும் பெரியது
இதே பறந்த மணிகளில்
பன்னிரண்டாயிரம் தொட்டிருந்தால் அதிகம்.
குறுந்தடத்தில் மணியை யார் எண்ணுகிறார்கள்?
உடம்பு எத்தனை தரம் காற்றடைத்து வீங்கியது,
எத்தனை தரம் சுருங்கியது,
அதுதான் வயது.
கிழமை தவறாமல் இங்கு வந்துபோகும் எனக்கு
அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டத் தோன்றியது.

ஜெட் என்றால் சென்னைக்குப் பதினான்கு நிமிடம் மிச்சம்.
மிச்சமானதை
மீனம்பாக்கத்துக்கு மேலே வட்டமடித்துச் செலவழிக்கலாம்.
பத்தொன்பது இருக்கைச் சிறுசுகள் மூன்று வாங்கலாம் என்றார் நிதித்துறை.
அவற்றில் கழிவறை இல்லை.
பயணிகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்றேன்.
வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மண்டபத்திலிருந்து ரிஃபாய்தீன்
அளவு நாடாவோடு வந்தார்.
இருக்கை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
'பின்கதவு எத்தனை இஞ்சு?'
உயிர் நண்டு, ஈரச்சாக்கு, தெர்மாகோல் பெட்டி.
'லேட்டானா ஆளுக கோவப்படுவாக மேடம்,
நண்டு செத்துப்போகும்.'
கதவை மூன்று தரம் அளந்தார்,
மூன்றாவது தரம் எனக்காக.

பன்னிரண்டு நாள் ஏணியடியில் நின்று எண்ணினேன்.
சராசரி முப்பத்தொன்பது.
முப்பத்தொன்பது பேர் ஒருநாளும் ஏறவில்லை.
செவ்வாய் அறுபத்தெட்டு,
புதன் பதினான்கு.

அந்தப் பதினான்கில் மூன்று பேர்
கடற்பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்கள்,
ஏதோ விசாரணைக்கு, யாரோ எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில்.
நானும் ஏறியிருந்தேன், அதிர்வு குறிக்க.
காற்றை எதிர்த்து எழும்பித் தெற்கே சாய்ந்தபோது
சன்னலோரம் இருந்தவள், காளீஸ்வரி,
விரலால் கண்ணாடியைத் தொட்டாள்.
'அந்தா முயல்தீவு. அங்கிட்டு மனோலி.'
நீருக்கடியில் பாசி படர்ந்த இடம்
ஈரத்துணியில் கறைபோலத் தெரிந்தது.
முப்பது வருடம் மூழ்கிய இடத்தை
மேலிருந்து பார்க்கிறாள்.
'இதுல கால் வெச்சதுக்குத்தான் அவராதம் போட்டாக.'
பிறகு என் பக்கம் திரும்பி,
நான்தான் அதிகாரி என்று நினைத்து:
'மேல நின்னு பாத்தா எம்புட்டு?'

அதிர்வு குறிக்க மறந்துபோனேன்.

ஜெட்டில் இறக்கை கீழே.
அவள் இருந்த வரிசையில் தெரிந்திருப்பது
சாம்பல் நிறத் தகடும்
'மிதிக்காதே' என்ற எழுத்தும்தான்.

எழுபத்திரண்டு இருக்கை,
இறக்கை தலைக்கு மேலே, விசிறி இரண்டு,
கைமாறிய விமானம், ஆறு வருடப் பழசு.
இதைத்தான் பரிந்துரைத்திருக்கிறேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
குறைந்த எரிபொருள் என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

பின்கதவு போதும், ரிஃபாய்தீனிடம் சொல்லியாயிற்று.
புதன்கிழமைப் பதினான்குக்கு
இன்னும் பதில் இல்லை.
கழுவும் செலவை இரண்டு மடங்காகப் போட்டிருக்கிறேன்.
ராயப்பனின் நாக்கை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று
தணிக்கையாளர் கேட்டால்
என்னிடம் அனுப்புங்கள்.