ரசீது எண் 212

"தெருவுல கெடந்த நாய்தானுங்களே,
அதுக்கெதுக்குங்க ஆயிரத்து எண்ணூறு?"
சென்னியப்பன் கேட்டபோது
அவர் மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது.
ஓவர்லாக் மிசின்காரர். சனிக்கிழமை, சம்பள நாள்.
பல்லடம் ரோட்டில் கறிக்கோழி வண்டிகள்
இறகு பறக்கப் போய்க்கொண்டிருந்தன.

நியாயமான கேள்வி.
கிடந்தது தெருவில்தான்,
சாயப்பட்டறைக்குப் பின்னால்.
குட்டியில் யாரோ கட்டிய நைலான் கயிறு,
கழுத்து வளர்ந்தும் அவிழ்க்க ஆளில்லாமல்
சதைக்குள் போயிருந்தது.
கயிறு இலவசம்.
அதை எடுக்கத்தான் காசு.

மயில்சாமி ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது,
சீட்டைக் கழுவியதற்கு அவன் தனியாகக் கேட்கவில்லை.
டாக்டர் ஷகிலா தன் கூலியை விட்டுவிட்டு
மயக்க மருந்துக்கும் நூலுக்கும் மட்டும் வாங்கினார்.
வெறிநாய் ஊசி ஒன்று,
மற்ற நோய்களுக்கு ஒன்று, மூன்று வாரம் கழித்து
அதே ஊசி இன்னொரு தடவை,
பூச்சி மருந்து, உண்ணிக்குச் சொட்டு மருந்து,
பிறகு கருப்பை எடுத்த அறுவை.
பிறக்காமல் போன அந்தக் குட்டிகளை
எந்தப் பக்கம் எழுதுவதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை,
வரவிலா, செலவிலா.

நாற்பத்தொரு நாள் சோறு. கோழிக் கழுத்து, கால்.
கூட்டினால் நாலாயிரத்துச் சொச்சம்.
கேட்பது ஆயிரத்து எண்ணூறு.
அதிலும் ஒரு பங்கு இவளுக்கானதில்லை:
கடைசிக் கூண்டில் கருவாயன் இருக்கிறான்,
லாரி ஏறிய இடுப்பு, பால் படர்ந்த கண்,
இதுவரை ஒருவரும் கைகாட்டாத நாய்.
வீடு கிடைத்துப் போகிற ஒவ்வொன்றும்
அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டுவிட்டுப் போகிறது.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
சென்னியப்பனிடமும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் சும்மாதான் கொடுத்தேன்.
காசு கேட்கக் கூச்சம்.
சும்மா வாங்கிப்போன ஒரு செவலையை
மூன்றாம் மாதம் காரணம்பேட்டை நால்ரோட்டில் பார்த்தேன்,
நான் போட்டுவிட்ட அதே நீலப் பட்டையோடு.
கூப்பிட்டேன்.
திரும்பிப் பார்த்தது. வரவில்லை.
அந்த வாரம் அச்சடித்ததுதான்
இந்த ரசீதுப் புத்தகம்.

காசு வாங்கினால் மட்டும் ஆள் தெரிந்துவிடுமா?
வெள்ளைக் காரில் வந்த மில்காரர்
பேரம் பேசாமல் ஐயாயிரம் வைத்தார்.
தீபாவளி கழித்துக் கொண்டுவந்து விட்டார்.
குரைக்கிறதாம்.

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்து
இரண்டு முறை எண்ணினார்,
நூறும் ஐம்பதும், கசங்கிய இருபதுகளுமாய்
ஆயிரத்து நூறு.
"மீதி அடுத்த சனிக்கெழமைங்க்கா.
கம்பெனில ஆர்டர் கொறவு."
பாக்கி எழுநூறு என்று எழுதப் பேனாவை வைத்தேன்,
எழுதவில்லை.
எழுதினால் கேட்க வேண்டிவரும்.

"பேரு?" என்றார்.
"கோனு. நூல் கோன் சாக்குல தூக்கிட்டு வந்தோம்."
"கோனு," என்று அவர் சொல்லிப் பார்த்தார்,
உள்ளேயிருந்து ஒரு வால்
தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது.
டிவிஎஸ் ஃபிஃப்டியில் கால் வைக்கும் இடத்தில்
அரிசி மூட்டை போல உட்கார்ந்து போனாள்.

அடுத்த சனி, பொழுது சாய,
வண்டிச் சத்தம் கேட்டது.
கையில் எழுநூறு. கூடவே அவள்.
"உங்களப் பாத்தா சந்தோசப்படுவாள்னு
கூட்டியாந்தேனுங்க்கா."

கேட்டைக் கண்டதும்
அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.
காது இரண்டும் பின்னால் படிய
அவர் முழங்கால்களுக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டாள்.
உடம்பு நடுங்கியது.
திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று
நினைத்துவிட்டாள் போல.

நான் கேட்டைத் திறக்கவில்லை.
கம்பி வழியே பணத்தை வாங்கி
கம்பி வழியே ரசீதைக் கொடுத்தேன்.
ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லவில்லை,
அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

"மொதல்ல வண்டியத் திருப்புங்க," என்றேன்.
"வெரசா."