ஆல்பேட்டைச் சாவடி

எஸ்.பி. தில்லைநாயகத்துக்கு
நேற்றோடு பணி நிறைவு.
சைரன் இல்லாத சொந்தக் காரில்
புதுச்சேரியிலிருந்து திரும்புகிறார்.

ஆல்பேட்டையில் கை நீட்டி நிறுத்துகிறாள்
மழைக்கோட்டுக்குள் ஒரு காவலர்.
அவளுக்கு இவரைத் தெரியவில்லை.

முப்பத்தாறு வருடம் முன்பு
இதே தடுப்பில் எஸ்.ஐ.
இளநீர்க் குலைக்கடியில் சாராயம்,
சவப்பெட்டியிலும் ஒருமுறை.
மோந்தே சொல்லிவிடுவார்.

டிக்கி திறக்கிறது.
சால்வைகள். கேடயம். கசங்கிய ரோஜா மாலை.
சுனாமி வாரத்துக்காகக் கிடைத்த பதக்கம்
துணிப்பையில்.

"வேற ஏதாச்சும் இருக்கா சார்?"

அஞ்சாப்புலி, வயது இருபத்திரண்டு, சோனாங்குப்பம்.
லாக்கப்பில் விடியவில்லை அவனுக்கு.
மாரடைப்பு என்று எழுதினார்
தன் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இல்லம்மா."

டார்ச் அணைகிறது.
"போலாம் சார்."

கெடிலம் பாலம் வரைக்கும்
இரண்டாவது கியரிலேயே
போகிறது வண்டி.