வடக்கு ஜன்னல்

தமிழில் இதன் பெயர் கடல்நாய்.
பெயரில் மட்டும்தான் கடல்.
இதன் குலத்தில் கடைசியாக ஒன்று
உப்பைச் சுவைத்து
ஒன்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது.

பனியின் பாரம் இறங்கியதும்
பின்லாந்து மெல்ல முதுகை நிமிர்த்தியது.
நிமிர்ந்ததில் வாசல் அடைபட்டது.
உள்ளே சிக்கியவை சில சீல்கள்,
சில சால்மன் மீன்கள்,
பழுப்பேறிய நன்னீர்.
கதவு சாத்திய சத்தம் எதற்கும் கேட்டிருக்காது.
ஒரு தலைமுறைக்கு இத்தனை விரற்கடை என்று சாத்தினால்
யாருக்குக் கேட்கும்?

பிறகு கண் பெரிதாயிற்று, கலங்கல் நீருக்கு.
தோல் கறுத்தது.
கொண்டான் கொடுத்தான் எல்லாம்
அதே சில குடாக்களுக்குள்.
முறை பார்க்க வேறு ஊர் ஏது?

*

ஜனவரி. சைமாவின் ஹௌகிவெசிப் பக்கம்.
ஏரி உறைந்துவிட்டது, அதன்மேல் கொட்ட வேண்டியது கொட்டவில்லை.
(இரண்டுக்கும் பனி என்றே சொல்கிற மொழியில்
இந்தக் கவலையை விளக்குவது கஷ்டம்.)
குவியல் இருந்தால்தான் தாய் அதற்குள் வளை குடைவாள்.
இல்லையென்றால் குட்டி வெட்டவெளியில், நரியின் கண்ணெதிரே.

இல்ப்போ மண்வாரியோடு கரையோரம் நடக்கிறான்.
அகலம் ஏழு மீட்டர், உயரம் ஒன்றரை.
வாரி, குவித்து, தட்டாமல் விட வேண்டும்;
காற்று வந்து இறுக்கிக்கொள்ளும்.
இன்று இது நான்காவது மேடு.
மூக்கு நுனி மரத்துப்போய்
தேர்தலைத் திட்டுகிறான், முழங்காலைத் திட்டுகிறான்.

*

யோயென்சூவில் கெர்ட்டு
அருங்காட்சியகத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தாள்.
உள்ளே தாடைகள்.
மீனைத் தின்கிற பிராணி என்று
அரசாங்கம் தலைக்குக் காசு கொடுத்த காலம்;
தாடையைக் காட்டினால் போதும்.
பதினேழாம் எண்ணில் துளையிட்டாள்.
வந்தது ஒரு சிட்டிகை,
கோலப்பொடி அளவுகூட இல்லை.

மூன்று வாரம் கழித்துத் திரையில் ஓர் இடம்.
இன்று உயிரோடிருக்கும் நானூறு சொச்சமும்
ஒரே மாதிரி படிக்கிற இடம் அது,
ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய வகுப்பு மாதிரி.
பதினேழு மட்டும் வேறு எழுத்து.

கயிற்றில் கட்டிய அட்டையைத் திருப்பினாள்.
1931. தாவெத்தி லொய்க்கனென்.
அவளுக்கு ஒரு லொய்க்கனெனைத் தெரியும்.
போன வாரம்தான் கையுறை கேட்டு எழுதியிருந்தான்.

சொல்ல வேண்டியதில்லை.
இரண்டு நாள் சொல்லவில்லை.

"அப்பாதான்" என்றான் இல்ப்போ போனில்.
"அந்தக் காசில்தான் வீட்டு வடக்கு ஜன்னலுக்குக்
கண்ணாடி வந்தது. இன்னும் அதே கண்ணாடி."
பின்னால் எங்கோ கெட்டில் கூவி அடங்கியது.
"அந்த எழுத்து எதற்கு உதவும்?"
"தெரியாது."
"தெரியாதா?"
"ஒன்றுக்கும் உதவாமல் இருந்திருக்கலாம்.
நாளைக்கு ஒரு நோய் வந்தால்
அதுதான் உதவியிருக்கலாம்.
கேட்டுப் பார்க்க ஆள் இல்லை."

அவன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
யாரிடம் கேட்பது?
"கையுறை பெரிய அளவு" என்று மட்டும் சொன்னான்.

*

ஏப்ரல் கடைசியில் மேடு இளகி விழுந்தது.
முக்குளிப்பவர்கள் அடியில் துழாவி
ஒரு நஞ்சுக்கொடியை எடுத்தார்கள்.
கெர்ட்டு படித்தாள்.
தாய் தெரிந்தவள், பட்டியலில் இருப்பவள்.
தகப்பன், முறையைச் சொன்னால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள்.
குட்டி பெண்.
அந்த இடத்தில் அதே பழைய எழுத்து,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

வரிசையில் ஏற்றிவிட்டுச் செய்தி அனுப்பினாள்:
நான்காவது மேட்டில் பிறந்திருக்கிறது. பெண்.

பதில் உடனே வந்தது. மீன்காரன் கேள்வி:
எடை எவ்வளவு?

அவளிடம் அது இல்லை.
குட்டியை அவள் பார்த்ததே இல்லை.
அது போட்டுவிட்டுப் போனதை மட்டும்.