ஏழு விநாடி

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
இங்கே அது பேச்சுத் தோரணை அல்ல, கணக்கு.
இடது சுட்டுவிரல் விசையொன்றைத் தொட்டால்
லியெபாயா துறைமுகத்தின் இழுவைப் படகோட்டி
வாக்கியத்தின் நடுவில் இரண்டாகிறார்.
ரத்தமில்லை.

விஸ்மா மவுஸைத் தொடுவதேயில்லை.
அது காபிக் கோப்பைக்குக் காவலாய்க் கிடக்கிறது.
வெட்ட ஒரு விசை, நகர்த்த ஒன்று,
வெட்டிய பள்ளம் தூர்ந்துபோக
பின்னாலுள்ளவை எல்லாம்
ரேஷன் வரிசைபோல் ஓரடி முன்னே வர இன்னொன்று.
அலை பூஜ்ஜியத்தைத் தொடும் புள்ளியில் வெட்டினால்
தையல் கேட்காது.
மயிரிழை தள்ளினாலோ
சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஒரு 'டிக்'.

ஐம்பத்துநான்கு நிமிடம் பேசியிருக்கிறார் குன்டர்ஸ்.
இருக்கும் இடம் இருபத்தெட்டு.
இருமல் போயிற்று. நாற்காலி முனகல் போயிற்று.
'அதாவது' மட்டும் முப்பத்தொன்று.
மூன்றாம் நிமிடத்துக் காற்றைப் பற்றிய பேச்சை
அப்படியே தூக்கிப்
பத்தொன்பதில் இறக்கினாள்.
அங்கே அது எச்சரிக்கையாகிவிட்டது.
அவர் எச்சரிக்கவில்லையே.
பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

மணி நாலு இருபது.
இன்னும் நான்கு நிமிடம் மிச்சம்.
ஓயார்ஸ் தூக்கக் குரலில் வழிசொன்னார்:
"மௌனத்தையெல்லாம் மொத்தமாய் உருவிவிடு.
அதற்கென்றே கட்டளை இருக்கிறது."
இருந்தது. ஒரே சொடுக்கு.
முள்ளெடுத்த மீன்.

போட்டுக் கேட்டாள்.
"கயிறு அறுந்தபோது எஞ்சினை
நிறுத்தியிருக்க முடியாதா?"
"நே."

நே என்றால் இல்லை.
இவ்வளவு சீக்கிரமாகவா?
முகத்தில் அறைந்த கதவுபோல,
வக்கீல் சொல்லிக்கொடுத்ததுபோல.
அந்த அறையில் அவள் இருந்தாள்.
கேள்விக்கும் நே-வுக்கும் நடுவே
ஏழு விநாடி இருந்தது.
அதில் ஒரு ஃபிரிட்ஜ் உறுமியது.
அவர் கட்டைவிரல் மேசை விளிம்பைத் தேய்த்தது,
காதைத் தீட்டினால் மட்டும்.

மீள்.
மௌனமெல்லாம் திரும்பி வந்தன.
அந்த ஒன்றைப் பூட்டிவைத்துவிட்டு
மற்றவற்றை மறுபடி உருவினாள்.
இனி ஏழு விநாடிக்கு விலை கொடுக்கவேண்டும்.
தன் கேள்விகளின் வாலை நறுக்கினாள்,
வணக்கத்தை,
தன் பெயரை.
இன்னும் ஒன்றரை விநாடி இடித்தது,
வானிலைக்கு முந்தைய இசையில் திருடிக்கொண்டாள்.

காலை ஆறு பதினாலு.
கோபுரத்தடியில் இரவுப்பணி முடியப்போகும் ஏவல்ட்ஸ்.
சத்தம் தாழ்ந்து ஐந்து விநாடி தாண்டினால்
அங்கே சிவப்பு விளக்கு:
ஒலிபரப்பு செத்துவிட்டது என்று பொருள்.
எரிந்தது.
பாதி கடித்த ரொட்டியோடு எழுந்தார்,
அவசர இசையின் பொத்தான்மேல் விரல்.
ஆறு.
எங்கோ ஒரு ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டு
விரல் நின்றது.

"நே."

விளக்கு அணைந்தது.
ஏவல்ட்ஸ் வெகுநேரம் உட்காரவில்லை.