தேரை எண்ணிய இரவு

எட்டு மணிக்கு மழை பிடித்தது.
நல்லதுதான் என்றேன். யாரும் நம்பவில்லை.
காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே
தார்ச்சாலை கறுத்துக் கிடந்தது.
ஓரத்தில் முழங்கால் உயர வேலி,
அதனடியில் புதைத்த வாளிகள்.
குளிர் விட்ட முதல் மழைக்குத்
தேரைகள் தாம் பிறந்த குளத்துக்கு இறங்கும்;
வேலி மறிக்க, வாளியில் விழும்.
எடுத்து அக்கரை சேர்ப்பது எங்கள் வேலை.

ஹம் நகரப் பள்ளியிலிருந்து ஒன்பது பிள்ளைகள்.
என் பையில் ஒரு படிவம்:
பொறுப்பு, ஒத்துழைப்பு, தன்வளர்ச்சி,
தலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை.
கடைசிக் கட்டம், தேறினார் அல்லது தேறவில்லை.

கையுறை ஐந்து சோடிதான் வந்திருந்தது.
ஆளுக்கு ஒற்றை. மிஞ்சியது எனக்கு.
மெர்வேவுக்கு வலது, லெனார்ட்டுக்கு இடது.
ஜனவரியிலிருந்து பேசாதவர்கள்;
காரணம் ஒரு புகைப்படம், அதற்குமேல் எனக்குத் தெரியாது.
"ஒரு கையால் எப்படி?" என்றாள்
வாளியைப் பார்த்து.

முதல் தேரை தனியாக வரவில்லை.
பெண்ணின் முதுகில் ஆண், இறுகக் கட்டிக்கொண்டு.
யானிக் சொன்னதை மொழிபெயர்க்க மாட்டேன்.
சிரிப்பு வேலி நெடுக ஓடி அடங்கியபின்
மெர்வே வலக்கையைக் கீழே கொடுத்தாள்,
லெனார்ட் இடக்கையை மேலே கவிழ்த்தான்,
இரண்டு உயிரும் இரண்டு கையும்
ஒரே உருண்டையாய்ச் சாலையைக் கடந்தன.
"மெதுவா," என்றாள்.
இரண்டு மாதத்தில் முதல் சொல்.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"
"தேரை."
"தேறை," என்றான் லெனார்ட், தொண்டைக்குள்ளிருந்து.
திருத்தப் போனேன்,
விட்டுவிட்டேன்.

தேரை பாய்ந்த பிள்ளை என்பாள் அம்மா என்னை.
அகதி முகாமில் எடை பார்த்த தாதிக்கு
அதை டொச்சில் சொல்லத் தெரியாமல்
என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள்.
இப்போது என் ஒற்றைக் கையுறைக்குள் ஒன்று
தொண்டை துடிக்க உட்கார்ந்திருக்கிறது.
என் உடம்பு இளைக்கவில்லை, அம்மா.

பத்தரைக்கு ஒரு கார்.
நான் கத்துமுன்பே பின்யா,
வருடம் முழுக்க வாய் திறக்காத பின்யா,
சிவப்பு விளக்கோடு நடுச்சாலையில் நின்றாள்.
கண்ணாடி இறங்கியது, ஒரு வசவு வந்தது.
"இன்னும் பதினொருவர் கடக்க வேண்டும்," என்றாள்.
டொச்சுக்குத் திணை கிடையாது.
என் காதில் உயர்திணையாகத்தான் விழுந்தது.

வேலி முடிகிற இடத்துக்கு அப்பால்
நான்கு நசுங்கிக் கிடந்தன.
யானிக் மட்டையால் ஓரம் ஒதுக்கினான்.
ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்தில் படிவத்தை விரித்தேன்.
மழையில் கட்டங்கள் கரைந்து ஒட்டியிருந்தன.
கையில் எண்ணிக்கைதான் இருந்தது:
பெண் முப்பத்தெட்டு,
ஆண் நூற்று இருபத்தேழு,
சாலையில் நான்கு.
அதையே எழுதினேன்.
மெர்வே முன்னால், லெனார்ட் கடைசி வரிசையில்.
"நாளைக்கும் மழை உண்டா?" என்று கேட்டான் யானிக்,
கைபேசி கையில் இருந்தும்.