வராமையின் நிகழ்தகவு

இரண்டு தியேட்டர், ஒரே மயக்க டாக்டர்.
அவரும் மதுரையில் ஏறி
மானாமதுரையில் நின்று நின்று வருகிறவர்.
ஒன்பதுக்கு முன் யார் வயிற்றையும் திறக்க முடியாது:
இது நான் எழுதிய முதல் கட்டுப்பாடு.

ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம்.
ஒன்று என்றால் கத்தி,
சுழி என்றால் காத்திருப்பு.
கீழக்கரை ஆஸ்பத்திரி மாடியில்
ராத்திரி முழுக்கக் கணினி
மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்.
ஓவர்டைம் பாதியாய்க் குறைந்த மாதம்
சிஸ்டர் அருள் ரெஜினா
எனக்கு ஒரு துண்டு தொதல் தந்தார்.

முத்துராக்கு, நாற்பத்தாறு, சின்ன ஏர்வாடி.
கர்ப்பப்பை இறக்கம். தொண்ணூறு நிமிடம்.
மூன்று முறை நாள் கொடுத்தோம்,
மூன்று முறையும் 'வரவில்லை'.
கணினி கற்றுக்கொண்டது:
வராமைக்கான வாய்ப்பு, பத்துக்கு ஏழு.
நான்காம் முறை அவள் கட்டத்திலேயே
இன்னொரு பெயரும் ஏறியது,
ஜெய்னுலாபுதீன், குடலிறக்கம்.
கணக்கில் பிழையில்லை.

அந்தப் புதன்கிழமை இருவரும் வந்தார்கள்.
இருவரும் வெறும் வயிற்றோடு
ஒரே பெஞ்சில்.

"முன்னாடி ஏன் வரலை?"
விரல்களில் சுற்றிய துணியை
அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:
"நீங்க குடுத்ததெல்லாம் அமாவாசையை ஒட்டி.
வத்தத்துல பாசி எடுக்காம இங்க வந்து படுக்கவா?
மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதான் சார்
எங்களுக்குக் கடலு.
இன்னைக்கு அஷ்டமி. வந்துட்டேன்ல."

அஷ்டமி.
ஊரில் பாதிப்பேர் வேண்டாமென்று தள்ளுகிற நாள்.
மாதந்தோறும் அந்தக் கட்டங்கள் ஏன் காலியாகின்றன என்று
ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறேன்.

ஜெய்னுலாபுதீன் கத்தினார்.
கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், கத்தத்தான் செய்வார்.
அவரைத் தைத்து முடிக்க ராத்திரி ஏழரை.
டாக்டர் ரயிலை விட்டுவிட்டு
கேன்டீனில் ஆறிய இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தினசரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்து
பிறைக்கு ஒரு பத்தி சேர்த்தேன்.
"கணக்குக்குள்ள பஞ்சாங்கமா?"
யாரோ சிரித்தார்கள்.
வெள்ளம், வத்தம் என்று
பத்திக்குப் பெயரை மாற்றிவிட்டேன்.

வார்டில் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்:
ஆறு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது,
குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.
முத்துராக்கு கேட்டுக்கொண்டே
போர்வைக்கு வெளியே
ஒரு விரலை மடக்கினாள்.
பிறகு இன்னொன்றை.
மூன்றாவதை மடக்காமல்
பிடித்துக்கொண்டிருந்தாள்.