பனிக்கட்டிக் கழிவு

புதன் இரவு. வாரம் ஒரு மனிதர்.
போன வாரம் பர்சிலா. வயதாகிவிட்டது, அரண்மனை வேண்டாம் என்று
ஆற்றங்கரையோடு திரும்பிப்போனவர்.
அதற்கு முந்தின வாரம் ரிஸ்பாள்,
பிணங்களின்மேல் பறவை இறங்காமல் காத்தவள்.
இந்த வாரம் கேயாசி.
வேறு யாராவது வந்திருக்கலாம்.

கிளாக்ஸ்விக்கில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
சபைக் கூடத்தின் மாடியில் ஆறு நாற்காலி,
காபிக் குடுவை, ருபார்ப் கேக்,
ஜன்னலைப் பிடித்து உலுக்கும் காற்று.
பார்துர் படகு எஞ்சின் மெக்கானிக்.
நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு
வெள்ளைப் பலகையில் நடுக்கோடு கிழித்தார்:
இடப்பக்கம் அவன் செய்தது,
வலப்பக்கம் நாம் கற்பது.

இடப்பக்கம் சீக்கிரம் நிறைந்தது.
எஜமான் வேண்டாம் என்ற வெள்ளியை
வேலைக்காரன் ஓடிப்போய் வாங்கினான்.
விருந்தாளிகள் வந்திருப்பதாக ஒரு பொய்.
கேட்டது ஒரு தாலந்து, கிடைத்தது இரண்டு.
மாற்று உடையும் இரண்டு.
வலப்பக்கத்தை ஹேக்னி ஒரே சொல்லில் முடித்தான்: பேராசை.
எல்லாரும் தலையாட்டினோம். நானும்.

என் அலமாரியில் இரண்டு கம்பளிச் சட்டை இருக்கிறது,
விலைச்சீட்டு கிழிக்காமல்.
மீன் ஆலையில் நான் எடைக்காரி.
பெட்டிக்கு மூன்று விழுக்காடு பனிக்கட்டிக் கழிவு, அது பேச்சு.
செப்டம்பரிலிருந்து ஐந்து எழுதுகிறேன்.
மேலாளர் எழுதச் சொல்லவில்லை.
காலம் கெட்டுக் கிடக்கிறது என்றார், அவ்வளவுதான்.
நான் புரிந்துகொண்டேன்.
புரிந்துகொள்வது எனக்கு எப்போதும் கைவந்த வேலை.
இரண்டு விழுக்காடு.
பெட்டிக்கு ஒரு மீன்கூட இல்லை,
ஒரு வாலும் கொஞ்சம் வயிறும்.
ஹேக்னியின் படகில் அந்த வாலும் வயிறும் சேர்ந்து
இப்போது எத்தனை மீன் என்று கூட்டிப் பார்த்திருக்கிறேன்.
அவன்தான் எதிரில் உட்கார்ந்து
என் பக்கம் சர்க்கரையைத் தள்ளுகிறான்.

பலகையில் யாரும் எழுதாத இடத்திலேயே என் கண் நின்றது.
மூட்டைகளை வாங்கி வீட்டுக்குள் வைத்தான்,
சுமந்து வந்தவர்களை அனுப்பினான்,
பிறகு எஜமான் முன் வழக்கம்போல நின்றான்.
அந்த வழக்கம்போல.
மூச்சிரைப்பை மூக்குக்குள் அடக்கிக்கொண்டு.
எங்கே போயிருந்தாய் என்றதற்கு
எங்கேயும் இல்லையே என்றான்.
அந்தச் சொல்லின் ருசி எனக்குத் தெரியும்.
தினமும் ஆறு மணிக்கு
அதை மென்றுகொண்டுதான் கையுறையைக் கழற்றுகிறேன்.

தோல் வெளுத்தது, கதை முடிந்தது என்று
பார்துர் பேனாவை மூடப்போனார்.
அப்போதுதான் சுன்வா.
பதினோரு மாதமாக வருகிறாள்,
ஆமென் தவிர வாய் திறந்ததில்லை.
முடியலையே, என்றாள்.
மூன்று அதிகாரம் தள்ளி மறுபடி வருகிறான்.
ராஜாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான்,
எஜமான் செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு.
அந்த நேரம் பார்த்து நிலம் பறிபோன ஒருத்தி உள்ளே வர,
இவள்தான் அவள் என்று அவன் சொல்ல,
வயலும் கிடைத்தது,
அவள் இல்லாத வருஷங்களின் விளைச்சலும்.

தாள்கள் புரண்டன.
வரிசை முன்பின் மாறியிருக்கலாம் என்றார் பார்துர்.
இருக்கலாம், என்றாள். ஆனால் அங்கே இருக்கிறான்.
வலப்பக்கத்தில் அதற்கு என்ன எழுதுவதென்று
யாருக்கும் தெரியவில்லை.
கேக்கை வெட்டினோம்.

விளைச்சலும் என்ற சொல்
என்னோடு வீடுவரை நடந்து வந்தது.
எதிர்க்காற்றில் அதற்கும் எனக்கும் பேச்சில்லை.

வியாழன், பத்து மணிக்கு வெளிச்சம் வந்தபோது
ஹேக்னியின் படகுக் கொட்டகை வாசலில் நின்றேன்.
தூண்டில்களில் இரை குத்திக்கொண்டிருந்தான்.
என் கையில் செப்டம்பர் முதலான எடைப் புத்தகம்.
(சட்டைகளைக் கொண்டுபோகவில்லை.
அவற்றை என்ன செய்வதென்று இன்னும் தெரியாது.)
நான் எங்கே போயிருந்தேன் என்று கேள், என்றேன்.
அவன் கேட்கவில்லை.
கையைத் துடைக்காமலே புத்தகத்தை வாங்கினான்.
ஐந்து, ஐந்து, ஐந்து.
புரட்டிய இடமெல்லாம் செதில் ஒட்டியது.
பிறகு காலால் ஒரு முக்காலியை
என் பக்கம் நகர்த்தினான்.
உட்காரச் சொன்னானா,
கணக்கு நீளும் என்றானா,
தெரியாது. உட்கார்ந்தேன்.